வாரம் ஒருமுறைக்கு மேல் தலைக்குக் குளித்தால் வழுக்கையா?

ஹெல்மெட்வாசி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர் காலையிலேயே போட்ட செய்தி இது: வாரம் ஒருமுறைக்கு மேல் தலைக்குக் குளிப்பவனுக்கு நாற்பது வயதில் வழுக்கை நிச்சயமாம், முன்னோர்கள் முட்டாள்கள் இல்லையாம். கீழே வரிசையாகக் கும்பிடு வேறு. நாள் முழுக்க வண்டியில் சுற்றுகிற வேலை எனக்கு. மே மாத வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றினால் என் பக்கத்தில் நானே நிற்க மாட்டேன். இந்தத் தலையோடு சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டுமா? தினமும்தான் குளிக்கிறேன், இனியும் குளிப்பேன். யாராவது உருப்படியான காரணம் ஒன்று சொல்லுங்கள்.

வைகைக்கரையான்: காரணம்தானே தம்பி, நாளைக் காலையில் குளித்து முடித்ததும் குளியலறைச் சல்லடையைக் குனிந்து பாருங்கள். அங்கே கிடக்கிற முடிதான் காரணம். எங்கள் பாட்டிக்கு எழுபது வயதிலும் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். வெள்ளிக்கிழமை மட்டும் நல்லெண்ணெய், சீயக்காய், வடித்த கஞ்சி, அவ்வளவுதான். ஷாம்பு பாட்டிலைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பையன்கள் தொப்பியோடு திரிகிறார்கள். கண்ணுக்கு முன்னால் கிடப்பதைப் பார்க்காமல் காரணம் கேட்டால் என்ன சொல்வது?

நந்தினி_ப: சல்லடையில் கிடப்பது குளித்ததால் விழுந்த முடி இல்லை சார். வளர்வதை நிறுத்தி இரண்டு மூன்று மாதமாகச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த முடி, தண்ணீர் பட்டதும் கழன்று வருகிறது. யாராக இருந்தாலும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். தினமும் குளித்தால் தினமும் கொஞ்சம் தெரியும், வாரம் ஒருநாள் என்றால் ஒரே நாளில் கொத்தாகத் தெரியும். ஆண்களுக்கு வழுக்கை விழுவது பெரும்பாலும் பரம்பரையாலும் ஹார்மோனாலும். ஷாம்பு மேலே இருக்கிற எண்ணெயைத்தான் எடுக்கும், வேருக்குள் இறங்கி ஒன்றும் செய்யாது.

வைகைக்கரையான்: விழத் தயாராக இருந்தது என்று அந்த முடி உங்களிடம் வந்து சொன்னதா அம்மா? நான் சொல்வது சல்லடையில் கிடக்கும் முடியைப் பற்றி. அது கிடக்கிறதா இல்லையா? கிடக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் என்ன?

புதியவன்: ஒரு சந்தேகம். தலைக்குக் குளிப்பது என்று எதைச் சொல்கிறீர்கள்? வெறும் தண்ணீர் ஊற்றுவதா, ஷாம்பு போடுவதா, எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்ப்பதா?

கொங்குத்தங்கம்: சீயக்காய், சீயக்காய் என்று எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் அரப்புதான். உசிலை இலையைக் காயவைத்து அரைத்த பொடி. கண்ணில் பட்டால் சீயக்காய் அளவுக்கு எரியாது, முடியும் மெத்தென்று இருக்கும். மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

வைகைக்கரையான்: அரப்பு மதுரைச் சந்தையில் விற்காத பொருளா? உசிலம்பட்டி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். எதைத் தேய்த்தாலும் சரி, தினமும் தேய்த்தால் சல்லடையில் முடி கிடக்கும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்க ஆரம்பித்த நாளிலிருந்து தமிழ்நாட்டுத் தலைகளுக்குப் பிடித்தது சனி.

நந்தினி_ப: அந்தப் பாக்கெட் வந்ததால் யாருக்கு நிம்மதி கிடைத்தது என்று யோசித்ததுண்டா? உங்கள் பாட்டி வீட்டில் சீயக்காயைக் காயவைத்தது யார், பூந்திக்கொட்டையும் வெந்தயமும் சேர்த்து மில்லுக்குத் தூக்கிப்போனது யார், விறகடுப்பில் வெந்நீர் போட்டது யார்? அந்தக் கூந்தல் காய்ந்து சிக்கெடுக்க அரைநாள் போயிருக்கும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த அரைநாளை நீங்கள் தருவீர்களா? வெள்ளிக்கிழமை மட்டும் குளித்ததற்குக் காரணம் முடி ஆராய்ச்சி இல்லை சார், வேலைப் பளு.

வைகைக்கரையான்: இப்போது பெண்ணுரிமைக்குப் போய்விட்டீர்கள். போன மாதம் மண்பானைத் தண்ணீர் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் பாதியில் காணாமல் போனீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சல்லடை முடிக்குப் பதில் சொல்லுங்கள்.

நந்தினி_ப: காணாமல் போகவில்லை, தூங்கப் போனேன். நள்ளிரவு வரை பானையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது நீங்கள். பதில் மேலே இருக்கிறது, மறுபடி படியுங்கள்.

பழையசோறு: முன்னோர் முன்னோர் என்கிறீர்களே அண்ணே, தேரையர் பேரில் வழங்குகிற நோய் அணுகா விதிப் பாட்டில் நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். வாரத்துக்கு இரண்டாகிவிட்டதே. வாரம் ஒருமுறை என்று சொன்ன முன்னோர் யார்?

வைகைக்கரையான்: நாலு நாள் என்றாலும் தினமும் இல்லையே! நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான்.

ஹெல்மெட்வாசி: முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் என்றீர்கள், மேலேயே இருக்கிறது. இப்போது நாலு நாள். இன்னும் கொஞ்சம் பேசினால் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு வந்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

வைகைக்கரையான்: கிண்டல் பண்ணுங்கள் தம்பி, நாற்பது வயதில் பார்ப்போம். எங்கள் தெருவில் தினமும் தலைக்குக் குளிக்கிற வாத்தியார் ஒருவர் முழு வழுக்கை. அவருடைய தம்பி எண்ணெய்க் குளியல்காரர், அடர்த்தியான முடி. ஒரே அப்பா அம்மா, ஒரே பரம்பரை. பரம்பரை என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நந்தினி_ப: அண்ணன் தம்பி என்றால் மரபணு ஒன்றேயாக இருக்காது சார், இரட்டையர்களே எல்லாரும் ஒன்றுபோல் இல்லை. இன்னொன்று, பொடுகு இருக்கிற தலையில் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் பொடுகு கூடத்தான் செய்யும். அதற்குக் காரணமான மலசீசியா என்கிற பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. எண்ணெய் வழிகிற தலைக்கு தினமும் குளிக்கலாம், வறண்ட முடிக்கும் சுருட்டை முடிக்கும் அத்தனை தேவையில்லை. எல்லாத் தலைக்கும் ஒரே கிழமை கிடையாது.

வைகைக்கரையான்: எண்ணெய் வைத்தால் பொடுகாம்! எங்கள் பாட்டி தலையில் ஒரு பொட்டு பொடுகு இருந்ததில்லை. சல்லடையிலும் முடி இருந்ததில்லை.

பழையசோறு: பாட்டி வீட்டுக் குளியலறையில் சல்லடை இருந்ததா அண்ணே? கிணற்றடியில் குளித்திருப்பார், முடி வாழை மரத்துக்குப் போயிருக்கும்.

உப்புத்தண்ணி: சென்னைப் புறநகரில் போர் தண்ணீரில் குளித்துப் பார்த்துவிட்டு எல்லாரும் பேசுங்கள். சோப்புப் போட்டால் நுரையே வராது, பிசுபிசுவென்று தலையில் படியும். இந்தத் தண்ணீருக்கு ஷாம்புதான் தாங்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பது என்பதைவிட எந்தத் தண்ணீரில் குளிக்கிறோம் என்பதுதான் விஷயம்.

கொங்குத்தங்கம்: அதைச் சொல்லுங்கள். சிறுவாணித் தண்ணீரில் எதைத் தேய்த்தாலும் நுரைக்கும். முடி கொட்டுகிறது என்று யாரும் எங்கள் ஊரில் அழுவதில்லை.

வைகைக்கரையான்: ஆரம்பித்துவிட்டார்கள் சிறுவாணிப் புராணத்தை. கோயம்புத்தூரில் முடி மாற்றுச் சிகிச்சை விளம்பரம் இல்லாத தெரு உண்டா? அழாதவர்களுக்கு எதற்கு அத்தனை ஆஸ்பத்திரி?

கொங்குத்தங்கம்: வெளியூர்க்காரர்கள் வந்து செய்துகொள்கிறார்கள், பாதிப் பேர் மதுரையிலிருந்துதான். ஆற்றின் பேரை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கு அணையைத் திறந்துவிட வேண்டிய நிலைமையில் இருக்கிறது உங்கள் வைகை.

ஹெல்மெட்வாசி: நான் கேட்டது தலைக்குக் குளிப்பதைப் பற்றி.

வைகைக்கரையான்: தம்பி சும்மா இருங்கள். அழகரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டீர்களா கொங்கு? 71 அடி அணை எங்களுடையது. உங்கள் நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியபோது கோர்ட் வரைக்கும் போய் நின்றது யார்? அதில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

கொங்குத்தங்கம்: அது திருப்பூர்ச் சாயம், கோயம்புத்தூர் இல்லை. அணை இருப்பது தேனி மாவட்டத்தில், அதுவும் உங்களுடையது இல்லை.

வைகைக்கரையான்: தேனி 1996 வரை மதுரை மாவட்டம்தான்! வரலாறு தெரியாமல் வந்துவிடுகிறார்கள். உசிலம்பட்டிக்கு இன்னும் பதில் வரவில்லை, சல்லடைக்கும் வரவில்லை.