டவ்டேல் – மேனிஃபோல்ட் வட்ட நடை: அம்மாவுடன் ஒரே நாளில் முடிக்க முடியுமா?

கேள்வி (டார்பியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து என் அம்மா வரும் ஜூன் மாதம் மூன்று வாரங்களுக்கு இங்கே வருகிறார். அவருக்கு வயது 63. ஊரில் நாள்தோறும் விடியற்காலையில் காவிரிக் கரையோரம் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். சென்ற முறை வந்தபோது லண்டன் முழுவதையும் சுற்றிக் காட்டினேன், கிளம்பும் நாளன்று, "ஆறும் வயலுமாக இருக்கிற ஊர் இந்த நாட்டில் கிடையாதா?" என்று கேட்டார். அது என் மனத்திலேயே நிற்கிறது.

ஆகவே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் தென்கோடியில், ஐலம் கிராமத்தில் தொடங்கி, டவ் ஆற்றுப் பள்ளத்தாக்கான டவ்டேல் வழியாக மில்டேல் வரை நடந்து, அங்கிருந்து மேடேறி ஆல்ஸ்டன்ஃபீல்டு, வெட்டன் ஆகிய கிராமங்களைக் கடந்து, மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கில் இறங்கி மீண்டும் ஐலத்துக்கே வந்து சேர எண்ணியிருக்கிறேன். வரைபடத்தில் அளந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வருகிறது. ஒரே நாளில் இதை முடிக்கலாமா? எந்தத் திசையில் சுற்றுவது நல்லது? மில்டேல் வரை ஆற்றோரமாகப் போய் அதே வழியில் திரும்பினால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

முதல் பதில்

தங்கள் அம்மாவின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நான் இந்த வட்டத்தை வெவ்வேறு பருவங்களில் ஆறு முறை நடந்திருக்கிறேன். போன வழியிலேயே திரும்பிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பள்ளத்தாக்குக்குள் நடக்கும்போது இரு புறமும் சுண்ணாம்புப் பாறைகள் அடைத்து நிற்பதால் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். மில்டேலில் மேடேறி, கற்சுவர்கள் கட்டம் கட்டமாகப் பிரித்த மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே வந்து நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான், இவ்வளவு நேரம் நாம் நடந்து வந்த ஆறு எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

திசையைப் பொறுத்தவரை, டவ்டேலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். தார்ப் கிளவுடு என்னும் 287 மீட்டர் உயரக் குன்றின் அடியில் ஆற்றைக் கடக்கப் போடப்பட்டுள்ள மிதிகற்களைக் காண விடுமுறை நாட்களில் பெருங்கூட்டம் வரும். காலை எட்டரை மணிக்குள் அங்கே போய்விட்டால், நீரோட்டத்தின் ஓசை மட்டுமே கேட்கும். மழைக்குப் பிறகு அந்தக் கற்கள் மூழ்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் சற்றுக் கீழே உள்ள நடைப்பாலத்தில் கடந்து மறுகரையில் வாருங்கள், ஆனால் அந்தப் பாதை கரடுமுரடானது. கல்லைத் தாண்டியதும் வலக்கைப் பக்கமாகவே போகாமல், ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக நடந்தால் மில்டேல் வந்துவிடும். டவ் ஆறுதான் டார்பிஷயருக்கும் ஸ்டாஃபோர்டுஷயருக்கும் எல்லை என்பதால், ஒரு நாளில் இரண்டு மாவட்டங்களையும் மிதித்துவிடுவீர்கள்.

மில்டேலில் உள்ள வயேட்டர் பாலத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். பொதிக்குதிரைகள் போவதற்காகக் கட்டிய குறுகலான கல்பாலம் அது. குதிரையின் இரு பக்கமும் தொங்கும் மூட்டைகள் இடிக்கக் கூடாது என்பதற்காக இத்தகைய பாலங்களின் கைப்பிடிச் சுவர்களைத் தாழ்வாகவே வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றில் மீன் பிடித்ததைப் பற்றி எழுதிய சார்ல்ஸ் காட்டனின் உரையாடலில் வரும் வழிப்போக்கனின் பெயரே பாலத்துக்கு நிலைத்துவிட்டது. கழிப்பறை வசதி இங்கே இருக்கிறது.

அங்கிருந்து ஆல்ஸ்டன்ஃபீல்டுக்கு ஏறும் ஏற்றம் செங்குத்தானது, ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. வயல்களுக்கு இடையே சுவரில் இரண்டு நெட்டுக்கற்களை நட்டு, ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையும்படி இடுக்கு விட்டிருப்பார்கள். ஆடு வெளியே போக முடியாது. பலரின் கால்கள் உரசி உரசி அந்தக் கற்களின் உட்பக்கம் முழங்கால் உயரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருப்பதைத் தங்கள் அம்மாவுக்குத் தொட்டுக் காட்டுங்கள். சேலையுடன் நுழைவது சிரமம். சுரிதார் அணிந்து வரச் சொல்லுங்கள். கன்றுடன் நிற்கும் பசுக்களை மட்டும் சுற்றி விலகிப் போங்கள். மூடியிருந்த கதவை மூடிவிட்டே வர வேண்டும்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள நண்பர் டவ்டேலைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். மேனிஃபோல்டைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஆறு பார்க்க வருபவர் ஜூன் மாதத்தில் அங்கே இறங்கினால், ஆற்றையே காணாமல் திகைக்கக்கூடும். கோடையில் மழை குறைந்தால் வெட்டன் மில் அருகே ஆற்று நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி மறைந்துவிடும். அதன் பிறகு கிலோமீட்டர் கணக்கில் வெறும் கூழாங்கற்களும் அகன்ற இலைச் செடிகளுமாகக் காய்ந்த ஆற்றுப்படுகைதான் தெரியும். நிலத்தடியிலேயே ஓடிய நீர், ஐலம் பூங்காவில் ஊற்றாகப் பொங்கி வெளிவருகிறது. தாங்கள் நடை முடிக்கும் இடமும் அதுவே. காணாமல் போன ஆற்றைக் கடைசியில் திரும்பப் பார்ப்பதற்காகவே இந்தத் திசையில் நடப்பதை நான் பரிந்துரைப்பேன்.

வெட்டனிலிருந்து இறங்கும் வழியில், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் தோர் குகை இருக்கிறது. அதன் வாய்ப்பகுதிக் கல் தேய்ந்து, ஈரத்தில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அம்மாவை வெளியிலேயே நிற்கச் சொல்லுங்கள்.

குகைக்குக் கீழே உள்ள தார்ப்பாதையில் 1904 முதல் 1934 வரை ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. பண்ணைகளின் பாலை ஏற்றிச் செல்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ரயில் நின்றபின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு 1937இல் நடைபாதையாகத் திறந்தார்கள். இதை அமைத்த பொறியாளர் எவரார்டு கால்த்ராப், அதற்கு முன் மகாராஷ்டிரத்தில் பார்சி ரயில்பாதையை உருவாக்கியவர். இங்கேயும் தண்டவாளத்துக்கு அதே இரண்டரை அடி அகலம். எஞ்சினும் பெட்டிகளும் அங்கே கண்ட அனுபவத்தில் வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பாதையில் தெற்கே நடந்து வீக்ஸ் பாலத்தை அடைந்து, அங்கிருந்து காஸ்டர்ன் பக்கம் மேடேறினால் ஐலம் வந்துவிடும்.

மூன்றாம் பதில்

ஒரு மாற்றுக் கருத்து. காவிரிக் கரையில் ஐந்து கிலோமீட்டர் சமதளத்தில் நடப்பதும், இங்கே 20 கிலோமீட்டர் மூன்று முறை ஏறி இறங்குவதும் ஒன்றல்ல. என் மாமியாரை நான் அழைத்துச் சென்றபோது, ஏற்றத்தில் அவர் களைக்கவே இல்லை; இறக்கத்தில்தான் முழங்கால் பிடித்துக்கொண்டது. நடைக்கோல் இரண்டு கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். முதல் நாள் மில்டேலிலிருந்து ஸ்டான்ஷோப் வழியாக மேட்டு வயல்களைக் கடந்து ஐலம் திரும்பும் சிறிய வட்டத்தை நடக்கலாம். அது ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். மேனிஃபோல்டை வேறொரு நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில்பாதை என்பதால் அது பெரும்பாலும் சமதளம், அவருக்கு எளிது. பள்ளத்தாக்கில் கைபேசி அலைவரிசை கிடைப்பது அரிது, ஆகவே காகித வரைபடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாகப் பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். பதில்களை நேற்றிரவு தொலைபேசியில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பார்சி ரயில் என்றதும் நிறுத்தச் சொன்னார். திருமணமான புதிதில் பண்டரிபுரம் போகும்போது, குர்துவாடியில் பெரிய வண்டியிலிருந்து இறங்கி ஒரு சின்ன ரயிலில் மாறி ஏறினார்களாம். அது நம் கால்த்ராப்பின் பாதையேதான். "அந்த ரயில் போன வழியா அங்கேயும் இருக்கிறது? அதை முதல் நாள் வைத்துக்கொள்" என்கிறார். ஆகவே மேனிஃபோல்ட் முதலில், டவ்டேல் அடுத்த வாரம். சுரிதார் தைக்கக் கொடுத்தாகிவிட்டது.