வறுஞ்சுடலா, வெறுஞ்சுடலா? அவசரமாக ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். தொலைதூர ரைஃபிள் பயிற்சிக் கையேடு ஒன்று நாளை மாலை அச்சுக்குப் போகிறது. தோட்டா நிரப்பாமல் குறிபார்த்து விசையை அழுத்திப் பழகுவதற்கு ஒரு சொல் வேண்டும். காசு செலவில்லாத பயிற்சி என்பதால் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆங்கிலத்தில் 'dry fire' என்பதால் 'உலர்சுடல்' என்று எழுதியிருந்தேன். ஈரச்சுடலும் உண்டா என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்கிறார்.

இலக்கண ஆசிரியர்:
வறுமை + கை = வறுங்கை, அதாவது வெறுங்கை. அவ்வழியே வறுஞ்சுடல். அது கிடக்க, ரைஃபிள் எதற்கு? துமுக்கி இருக்கிறதே. துப்பாக்கியும் நம் சொல்தான். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று 12ஆம் குறளிலேயே வருகிறது.

மாற்றுக் கருத்தினர்:
ஐயா, அங்கே துப்பு என்றால் உணவு, ஆக்கி என்பது வினையெச்சம். அந்தக் குறளில் பெய்வது மழை, குண்டு அல்ல. ஆயுதத்தின் பெயர் துருக்கியத்திலிருந்து வந்தது. வறுஞ்சுடலைக் கேட்டால் வறுப்பதா சுடுவதா என்று சமையற்கட்டு நினைவுக்கு வருகிறது. 'வெற்றுச்சுடல்' போதும்.

பயிற்றுநர்:
வெற்று மட்டும் வேண்டாம். வெற்றுத் தோட்டா என்று தனியாக ஒன்று உண்டு. அதில் மருந்து இருக்கும், குண்டு இருக்காது. மிக அருகில் வெடித்தால் அதுவும் ஆளைக் கொல்லும். நாம் பேசும் பயிற்சியில் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. விசை விடுபடும் கணத்தில் குறி அசைந்ததா என்று கண் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. பாகையில் அறுபதில் ஒரு பங்கு விலகினால் 100 மீட்டரில் 2.9 செ.மீ., 600 மீட்டரில் 17 செ.மீ.க்கும் மேல் தள்ளிப்போகும். புள்ளி 22 (0.22 அங்குலக் குழல்) துப்பாக்கியில் மட்டும் மருந்தில்லாப் போலித் தோட்டா போட்டுப் பழகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல வகைகளில் சுடும் ஊசி, தோட்டா அமரும் குழியின் விளிம்பில் மோதிப் பழுதாக்கும். காற்றைப் படிக்க மட்டும் இந்தப் பயிற்சி உதவாது. அதற்கு அதே புள்ளி 22ஐ 200 மீட்டரில் சுட்டுப் பார்ப்பதே மலிவான வழி.

இலக்கண ஆசிரியர்:
பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் 'கலை' என்று பழைய கணிதத்தில் பெயருண்டு. அதையாவது சேருங்கள்.

மாற்றுக் கருத்தினர்:
'நூறு மீட்டரில் ஒரு கலை' என்றால் படிப்பவர் ஓவியத்தைத் தேடுவார். கோண நிமிடம் என்றே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'வெறுஞ்சுடல்' பக்கம்தான் கூட்டம். முதல் முறை வரும்போது 'தோட்டா இன்றி விசை அழுத்திப் பழகுதல்' என்று விளக்கம் தருகிறேன். கலை அடுத்த பதிப்புக்கு.

பயிற்றுநர்:
வெறுமைக்கும் வெற்றுக்கும் வேர் ஒன்றுதானே? நான் சொன்ன ஆபத்து அப்படியே இருக்கிறது. விளக்கத்தை ஒவ்வோர் இயலிலும் போடுங்கள். களத்தில் நான் 'தோட்டா இல்லாமல் அழுத்து' என்றுதான் சொல்வேன்.

இலக்கண ஆசிரியர்:
அது சொல் அல்ல, வாக்கியம்.