மலைச்சாலையின் தடுப்புச்சுவர் மறுபடியும் வயிறு தள்ளுகிறது: மனுவில் என்ன கேட்பது?

கல்லிடைவாசி:

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது பெரிய செய்தியானது. மலைமேல் மாஞ்சோலையில் பெய்த 55 செ.மீ., தாமிரபரணி கரைமீறிய பிறகுதான் பலருக்கும் தெரிய வந்தது. அந்த மழையில், மணிமுத்தாறுக்கு மேலே நாங்கள் போய்வரும் சாலையின் ஒரு வளைவில், பள்ளத்தாக்குப் பக்கம் பாதிச் சாலை சரிந்து போயிற்று. முதலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, மண் கொட்டி, மேலே தார் போட்டார்கள். இப்போது அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது; தார் விளிம்பை ஒட்டி, விரல் நுழையும் அகலத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பும் விழுந்திருக்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். கான்கிரீட் சுவர் வேண்டும் என்று எழுதினால் போதும் என்கிறார்கள் பெரும்பாலோர். அது சரியான கோரிக்கைதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய_ஓவர்சியர்:

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது சுவரின் வயிறு அல்ல, அந்த நீளவாக்கு வெடிப்புதான். சுவருக்குப் பின்னால் கொட்டிய மண் நகரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மழை வந்தால் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவே உள்ளே இறங்கும். ஆகவே மனுவின் பதிலுக்குக் காத்திராமல், வெடிப்பைத் தார் ஊற்றி அடைக்கவும், பாரவண்டிகளை மலைப்பக்கமாக ஒதுக்கி விடவும் உடனே கேளுங்கள்.

மலைச்சாலையைப் பெரும்பாலும் இடிப்பது தண்ணீர்தான். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் முழுவதும் தண்ணீர் தேங்கிவிட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே 4.5 டன் விசையோடு வெளியே தள்ளும்; நனைந்த மண்ணின் அழுத்தம் அதற்கு மேல். இதனால்தான் சுவரில் வரிசையாகக் கசிவுத் துளைகள் வைத்து, அவற்றின் பின்னால் உடைகல்லை ஒரு பட்டையாக நிரப்ப வேண்டும் என்பது விதி. நான் பார்த்த பல இடங்களில் துளை இருக்கும், பின்னால் கல் இருக்காது. வெட்டிய செம்மண்ணையே அள்ளிக் கொட்டியிருப்பார்கள். மண் துளையை அடைத்துவிடும். பிறகு அந்தத் துளைகள் பில்லுக்காக வைத்தவையே தவிர, தண்ணீருக்காக அல்ல.

எனவே கான்கிரீட் சுவர் என்று மட்டும் எழுதினால், தண்ணீர் வெளியேற வழியில்லாத இன்னும் கனமான ஒரு சுவர் கிடைக்கலாம். கம்பிவலைக் கூடையில் கல் அடுக்கும் முறையைக் காட்டு ஓடையின் ஓரத்தில் நான் விரும்புவேன். அதன் வழியே தண்ணீர் கசிந்து போகும், அடிமண் சற்று அமுங்கினாலும் கூடை வளைந்து கொடுக்கும். சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால், மலைக்குள் துளையிட்டு இரும்புக் கம்பியை இறக்கிச் சாந்து செலுத்தும் மண் ஆணி முறை உண்டு. நீலகிரியில் நம் நெடுஞ்சாலைத் துறையே அதைச் செய்திருக்கிறது. எந்த முறையானாலும் அடித்தளம் பாறையிலோ இறுகிய மண்ணிலோ நிற்க வேண்டும். 2023இல் சரிந்து கிடந்த மண்ணின்மேலேயே இந்தச் சுவரை எழுப்பியிருந்தால், இது வயிறு தள்ளாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அந்த வளைவில் சிறுபாலம் இருக்கிறதா, அதன் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜீப்_ஓட்டி:

அண்ணாச்சி கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்த வளைவு எனக்குத் தெரியும். சிறுபாலம் இருக்கிறது, பழைய குழாய், இரண்டடி விட்டம்தான் இருக்கும். மழைக்காலத்தில் மேலிருந்து தண்ணீரோடு மரக்கிளையும் சருகும் உருண்டைக் கல்லும் வந்து அதன் வாயை அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் சாலைமேல் ஏறி, வளைவின் தாழ்ந்த பக்கம், அதாவது இப்போது சுவர் இருக்கும் இடத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. அடைபடாத நாளிலும் குழாயின் மறுமுனைத் தண்ணீர் அருவிபோல நேரே சுவரின் காலடியில் விழுந்து குழி பறிக்கிறது. மலைப்பக்க வடிகால், சரிந்த மண்ணால் மூடிக் கிடக்கிறது. மண்ணை அள்ளிய ஜேசிபி சாலையைத் துடைத்ததே தவிர, வடிகாலைத் தொடவில்லை.

பாளையங்கோட்டையான்:

நான் இப்போது அமெரிக்காவின் வட கரோலினாவில் வசிக்கிறேன். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின்போது, இங்கே மலை இடுக்கில் செல்லும் ஐ-40 நெடுஞ்சாலையின் கிழக்கு நோக்கிய தடங்களைப் பிஜன் ஆறு அடியோடு அரித்துக்கொண்டு போயிற்று. எஞ்சிய பகுதியில் மண் ஆணிகளை இறக்கி, கான்கிரீட் பீய்ச்சி நிலைநிறுத்தி, 2025 மார்ச் 1 அன்று திசைக்கு ஒரு தடமாக, குறைந்த வேகத்தில் மட்டும் போக்குவரத்தை அனுமதித்தார்கள். நிரந்தரப் பணி அதற்குப் பிறகும் நீண்டது. அவர்களுடைய பணத்தையும் இயந்திரத்தையும் நம் ஊரோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் தற்காலிகமாகத் திறந்தது வேறு, சீரமைத்து முடித்தது வேறு என்று அவர்கள் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்தது. நம்மிடம் தார் போட்ட அன்றே கோப்பை மூடிவிடுகிறார்கள்.

கல்லிடைவாசி:

மூவருக்கும் நன்றி. கான்கிரீட் என்ற சொல்லையே மனுவிலிருந்து எடுத்துவிட்டேன். பெரிய சிறுபாலம், அதன் வெளிவாயில் கல் பாவிய தளம், வடிகாலைத் தூர்வாருதல், சுவரைப் பிரித்து அடித்தளத்திலிருந்து கட்டுதல் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். கூடவே சாலையை அகலப்படுத்தவும் கேட்கலாமா?

பழைய_ஓவர்சியர்:

வேண்டாம். அது புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. இருக்கும் அகலத்துக்குள் பழுது பார்ப்பது ஒன்று, புதிதாகக் காட்டு நிலத்தை வெட்டுவது வேறொன்று. இரண்டாவதைச் சேர்த்தால் வன அனுமதிக்காக முதலாவதும் சேர்ந்து காத்துக் கிடக்கும். குழாயை 600 மி.மீ.யிலிருந்து 1,200 மி.மீ. ஆக்கினால் தண்ணீர் போகும் வாய் 4 மடங்காகும் என்பதை எண்ணாகவே எழுதுங்கள். நம் மலைக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. அடித்தளம் தோண்ட ஜனவரி முதல் மே வரைதான் நாள். மதிப்பீடு இந்த மழைக்காலத்திலேயே தயாரானால்தான் தையில் வேலை தொடங்கும். அடுத்த மழையன்று ஜீப்புக்காரத் தம்பி குழாய் வாயைப் படம் எடுத்துத் தந்தால், அதை மனுவோடு இணையுங்கள்.