மூன்று மாதம் எலி தின்னாத பாம்பு சாதுவா?

கல்லடிக் கண்ணன்: நேற்று ஒருவர் வந்து, முதல்முறை பாம்பு வளர்ப்பவருக்குச் சாதுவான பால் பைத்தன்தான் சரி, கோர்ன் ஸ்னேக் வீண் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். லண்டனில் ஆறு வருடமாக இரண்டையும் வைத்திருக்கிறேன். பைத்தன் போன மாரிக்கு மூன்று மாதம் எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோர்ன் ஸ்னேக் வாராவாரம் இடுக்கியில் இருந்தே பறித்துக்கொள்ளும். எது லேசு?

வாழைச்சேனை வாசு: எழுதியது நான்தான், பெயர் சொல்ல வாய் வரவில்லையா? கூட்டில் சூடு காணாது மச்சான். சூடான பக்கம் 31, 32 பாகை இருக்கவேண்டும், ஒளிய இரண்டு பெட்டி வேண்டும்.

கண்ணன்: சூடு 32. பெட்டி இரண்டு. மூன்று மாதம். இப்போது சொல்லு.

வெல்லாவெளி வயல்காரன்: பால் பைத்தன் என்றதும் பால் குடிக்கிற சாதியாக்கும் என்று நினைத்தேன்.

அக்கரைப்பற்றுக் காக்கா: பந்து, தம்பி, பந்து. பயந்தால் உருண்டுகொள்ளும். மேற்கு ஆபிரிக்கப் பாம்பு, இணைசேரும் காலத்தில் ஆண் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நிறை குறைந்ததா கண்ணன்?

கண்ணன்: 1,450 கிராமில் 20 தான் காக்கா. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, கடைசியில் குப்பையில் போட்டது நான். அது தலையை உள்ளே செருகிக்கொண்டு கிடக்கும், அதற்குப் பெயர் சாதுவாம்.

வாசு: உன் கோர்ன் ஸ்னேக் குட்டியில் வாலை அதிரவிட்டுக் கொத்தியதே, நீதானே படம் போட்டாய்?

கண்ணன்: எந்தக் குட்டி கொத்தாது? நுளம்பு கடித்த அளவுகூட இல்லை. மூன்று மாதத்துக்குப் பதில் சொல்லு.

வயல்காரன்: எங்கள் வயலுக்குச் சாரை சும்மா வந்து எலி பிடிக்கிறது, கூடும் வேண்டாம் சூடும் வேண்டாம். வெங்கணாந்தி, அதுதான் நம்மூர் மலைப்பாம்பு, அதன் குட்டி ஒன்று வீட்டில் வைக்கலாமா?

காக்கா: தொடாதே, சட்டம் பாதுகாக்கிற சாதி. விஷமுள்ள புடையனை வெங்கணாந்திக் குட்டி என்று தூக்கிக் கடி வாங்கியவர்களும் உண்டு.

வாசு: ஊரில் ஒருவர் ஓட்டில் கிடந்த புடையனைக் காட்டி வெங்கணாந்தி என்றாரே, கல்லடிப் பக்கம்.

கண்ணன்: அது 2011 வெள்ளம். இருட்டு, இடுப்பளவு தண்ணீர். எலி தின்னாததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வாசு: பாம்பையே மாறிச் சொன்ன ஆள் பாகையை மட்டும் சரியாகப் பார்த்திருப்பாரா? கண்ணாடியில் ஒட்டுகிற அந்த மலிவு மானியில்தானே 32?

கண்ணன்: மூன்று மாதம் வாசு. மூன்று மாதம்.