நாட்டை விட்டுப் போன கலைஞர் நாட்டுக்காகப் பேசலாமா?

கரித்துண்டு:
சீனக் கலைஞர் ஐ வெய்வெய், அரசு பறித்து வைத்திருந்த பாஸ்போர்ட் 2015-இல் கைக்குத் திரும்பி வந்ததும் சீனாவிலிருந்து கிளம்பிவிட்டார். ஈரானின் புகைப்படக் கலைஞர் ஷிரின் நெஷாத் பல பத்தாண்டுகளாக நியூயார்க்வாசி. சொந்த நாட்டுக் காயத்தை அடுத்தவன் கலைக்கூடத்தில் மாட்டி வைத்தால் காயம்பட்டவனுக்கு என்ன கிடைக்கும்?

நெய்தல்:
பொத்தாம்பொதுவாக அடித்துவிடாதீர்கள். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்து விழுந்து பிள்ளைகள் செத்தார்கள். அரசு பெயர்களை வெளியிடவில்லை. ஐ வெய்வெய் தன்னார்வலர்களை வீடுவீடாக அனுப்பி 5,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் திரட்டினார். சீனாவுக்குள் இருந்துகொண்டு செய்த வேலை இது. ஜெர்மனியின் மியூனிக் அருங்காட்சியக முகப்பில் 9,000 பள்ளிப் பைகளை மாட்டியது அதற்கு அப்புறம்தான். 2011-இல் 81 நாள் அடைத்து வைத்தார்களே, அது எந்தக் கூடத்துக்காக?

கரித்துண்டு:
பட்டியலுக்குக் கும்பிடு. ஆனால் அது ஆவணம், பைகள்தான் கலை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மியூனிக் போய்ப் பார்த்தாளா?
கொலம்பியச் சிற்பி டோரிஸ் சல்செடோவைப் பாருங்கள். அங்கே 2016 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, அரசை எதிர்த்துப் போரிட்டுவந்த ஃபார்க் கெரில்லாக்கள் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கித் தரை ஓடுகளாக்கினார். போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து நெளித்தார்கள், அந்த நெளிவுதான் ஓடுகளுக்கு அச்சு. தலைநகர் பொகோட்டாவில் யார் வேண்டுமானாலும் போய் அந்தத் துப்பாக்கிகளின் மேல் நடக்கலாம்.

சுண்ணாம்பு:
நடக்கலாம், அரசே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நினைவுச்சின்னமும் ஒரு அம்சம் என்பதால். கியூபாவில்? 2014-இல் அந்நாட்டுக் கலைஞர் டானியா புருகேரா, ஹவானா புரட்சிச் சதுக்கத்தில் மைக் வைக்கப்போவதாகவும் யாரும் ஒரு நிமிடம் பேசலாம் என்றும் அறிவித்தார். மைக் வருவதற்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். நாட்டிலேயே இருந்த கலைஞர் லூயிஸ் மானுவேல் ஓட்டெரோ அல்காந்தராவுக்கு 2022-இல் ஐந்தாண்டுச் சிறை. உள்ளேயே இரு என்பது சுலபம், இருக்க விட வேண்டுமே.

கரித்துண்டு:
சரி, துரத்தப்பட்டவரை நான் குற்றம் சொல்லவில்லை. வெளியே போனவர் கண்ணில் நாடு உறைந்துவிடுகிறது என்கிறேன். நெஷாத்தின் 1990-களின் புகைப்படங்களில் கறுப்புச் சாதர் (ஈரானியப் பெண்கள் உடல் முழுக்கப் போர்த்தும் அங்கி), துப்பாக்கி, முகத்தில் பாரசீக எழுத்து. வெளிநாட்டுக்காரனுக்கு அந்த எழுத்து வெறும் பூவேலை.

நெய்தல்:
அவனுக்குப் பூவேலைதான், ஈரானியருக்கு அல்ல. அதில் இருப்பவை ஃபொரூக் ஃபரோக்சாத், தாஹிரே சஃபர்சாதே என்ற இரு ஈரானியப் பெண் கவிஞர்களின் கவிதைகள். முதலாமவர் 1967-இலேயே இறந்தவர், ஆசையை மறைக்காமல் எழுதியவர். மற்றவர் 1979 இஸ்லாமியப் புரட்சியை வரவேற்றவர். ஒரே சாதருக்கு இரண்டு எதிரெதிர் குரல்கள்! படிக்கத் தெரிந்தவருக்காகச் செய்ததை, படிக்கத் தெரியாதவரை வைத்து எடைபோடுகிறீர்கள்.

கரித்துண்டு:
அது வலுவான பதில், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2022-இல் ஈரான் தெருவில் முக்காட்டைக் கழற்றி எரித்த பெண், அந்தச் சாதர் படங்களில் தன்னைக் கண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுண்ணாம்பு:
அவள் அம்மா கண்டிருப்பாள்.