மூலிகைத் தோட்டத்தில் வல்லாரை கருகுகிறது, கற்றாழை அழுகுகிறது: உதவி வேண்டும்

புதுப்பாத்தி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 10க்கு 20 அடி இடத்தில் மூலிகைத் தோட்டம் போட்டிருக்கிறேன். நடுவில் துளசி மாடம், அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பாத்தி. வல்லாரை, கற்றாழை, தூதுவளை, கரிசாலை, கற்பூரவல்லி, ஆடாதொடை, நிலவேம்பு, பொன்னாங்கண்ணி, வசம்பு, பிரண்டை, நொச்சி என்று 14 வகை. சொட்டுநீரும் போட்டாகிவிட்டது. இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது வல்லாரை இலை ஓரமெல்லாம் கருகிப் பாதி போய்விட்டது. ஒன்றரை அடி தள்ளி இருக்கும் கற்றாழை அடி அழுகிச் சாய்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம். அம்மா ஆசையாகக் கேட்டு வைத்த தோட்டம்.

கம்மாக்கரை:
எந்த ஊர்? கிணற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? என்ன மண்? வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பசுஞ்சாணம்:
வேரழுகல்தான், சந்தேகமே இல்லை. செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். அப்புறம் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து 15 நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் இதுதான்.

கம்மாக்கரை:
அழுகலுக்குச் சரி. கருகலுக்கு?

பசுஞ்சாணம்:
அதற்கும் கேட்கும்.

மூத்தவேர்:
தம்பி, இதே கேள்விக்கு நான் பல தடவை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்திருந்தால் செடிகள் பிழைத்திருக்கும். கோலம் போடுவதுபோல வட்டம் போட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் நட்டால் அது தோட்டம் ஆகாது. நிலத்துக்கு நிலம் மரமும் பூவும் வேறு என்று திணை வகுத்த மொழி நம்முடையது. வல்லாரை வாய்க்கால் ஓரத்துச் செடி. கற்றாழை வறண்ட நிலத்துச் செடி. இரண்டுக்கும் ஒரே குழாயா? முதலில் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

புதுப்பாத்தி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பரமக்குடி பக்கம். போர் தண்ணீர், உப்பு, குடிக்க முடியாது. மண் கண்மாய் வண்டல், டிராக்டரில் அடித்தது. எல்லாச் செடிக்கும் மணிக்கு 4 லிட்டர் சொட்டி, தினமும் ஒரு மணி நேரம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்தான்.

தென்னங்கீற்று:
மூத்தவேர் அய்யா சொன்ன காரணம் சரி, ஆனால் புதிதாக வருபவரிடம் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம்.

புதுப்பாத்தி, மருந்து எதுவும் அடிக்காதீர்கள். பறித்து வாயில் போடும் இலை அது. வண்டல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தினமும் 4 லிட்டர் இறங்கினால் கற்றாழை அழுகத்தான் செய்யும். வல்லாரை கருகுவதற்கு உப்பும் வெயிலும் காரணம். ஈரம் ஆவியாகிப் போகும்போது உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வல்லாரையின் வேரும் மேலோடுதான் ஓடுகிறது. ஓரம் மட்டும் முதலில் கருகுவது பெரும்பாலும் அதனால்தான்.

வட்டத்தைக் கலைத்துவிட்டு, தண்ணீர்த் தேவையைப் பார்த்துப் பிரியுங்கள். வல்லாரை, பொன்னாங்கண்ணி, வசம்பு மூன்றையும் வீட்டின் கிழக்குச் சுவர் ஓரம் கொண்டுபோங்கள். மத்தியானத்துக்கு மேல் அங்கே வீட்டு நிழல் விழும். பழைய சிமெண்ட் தொட்டியில் வைத்து, முடிந்தவரை பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றுங்கள். கற்றாழை, பிரண்டை, கற்பூரவல்லிக்கு ஓர் அடி உயரத்தில் மேடு போட்டு, பாதிக்குப் பாதி மணலும் ஜல்லியும் கலந்துவிடுங்கள். அங்கே சொட்டுநீரே வேண்டாம். அழுகிய கற்றாழையை நல்ல சதை தெரியும்வரை வெட்டி, மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்தி நடுங்கள். நட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஆடாதொடையும் நொச்சியும் பாத்திக்குள் இருக்க வேண்டியவை அல்ல, ஆளுயரத்துக்கு மேல் வளரும். மேற்கே வேலியாக வைத்தால் சாயங்கால வெயிலையும் தடுக்கும். ஆடு தொடாது, பேரே அதுதானே. தூதுவளைக்குக் கொக்கி முள், அதனால் நடக்கும் வழியை விட்டு மூலையில் ஒரு சிறு பந்தல். நிலவேம்பு பூத்துக் காய்த்ததும் காய்ந்துபோகும். நோய் என்று பயப்படாமல் விதையை எடுத்து வையுங்கள்.

தண்ணீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

வெள்ளைப்பூ:
கரிசாலை என்றீர்களே, மஞ்சள் பூவா வெள்ளைப் பூவா? வெள்ளைதான் உண்மையான கரிசாலை. இலையைக் கசக்கினால் கை கறுக்கும்.

அருட்சோதி:
இல்லை. வள்ளலார் சாப்பிடச் சொன்ன கரிசாலைக்குப் பெயர் பொற்றலைக் கையாந்தகரை. பொன் தலை என்றாலே மஞ்சள் பூதான்.

வெள்ளைப்பூ:
தலைக்கு எண்ணெய் காய்ச்ச ஊரில் எல்லாரும் வெள்ளையைத்தானே பறிக்கிறார்கள்?

அருட்சோதி:
எண்ணெய்க்கு அது. சாப்பிட இது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மூத்தவேர்:
இரண்டும் மூலிகைதான், செடிதான் வேறு வேறு. நீங்கள் இருவரும் விட்ட இடம் ஒன்று உண்டு. நர்சரியில் மஞ்சள் கரிசாலை என்று விற்பதில் பாதிக்கு மேல் அலங்காரப் படர்செடியாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இலை மூன்று மடலாகப் பிரிந்து, பூ பெரிதாக, பளபளப்பாக இருந்தால் அதுதான். நம் மஞ்சள் கரிசாலைக்கு இலை மடல் பிரியாது, நீண்டிருக்கும். தம்பி, அம்மா அதைச் சமைப்பதற்குள் இலையைப் பாருங்கள்.

கம்மாக்கரை:
புதுப்பாத்தி, பார்த்தீர்களா?

கம்மாக்கரை:
பத்து நாளாகிறது. கற்றாழை என்ன ஆயிற்று?

புதுப்பாத்தி:
வேலையில் மாட்டிக்கொண்டேன். வெட்டி நட்ட ஐந்து கற்றாழையில் மூன்று நிமிர்ந்துவிட்டன. வல்லாரை தொட்டியில் புது இலை விட்டிருக்கிறது. கரிசாலை இலை மூன்று மடல்தான். அதற்குள் துளசி மாடம் வரை ஓடிவிட்டது. அம்மா இன்னும் சமைக்கவில்லை.

மூத்தவேர்:
நல்லவேளை. ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். ஒரு கணு கிடந்தாலும் துளிர்க்கும், குப்பைக்குழியில் போடாதீர்கள். வெள்ளைக் கரிசாலை விதை என்னிடம் இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன்.