விண்கல் விற்பனைச் சீட்டில் ‘டி.கே.டபிள்யூ.’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினர்க்கு,

விண்கல் சேகரிப்புச் சொற்பட்டியலில் ‘வீழ்ச்சி’, ‘கண்டெடுப்பு’, ‘உருகுதோல்’, ‘சிதறுகளம்’ ஆகிய நான்கும் முடிவாகிவிட்டன. விழுவதைக் கண்டு எடுத்தது வீழ்ச்சி. என்றோ விழுந்து பின்னாளில் கையில் அகப்பட்டது கண்டெடுப்பு. காற்றில் பாயும்போது மேற்பரப்பு உருகி உறைந்த மெல்லிய படலம் உருகுதோல். துண்டுகள் சிதறி விழுந்த நிலப்பரப்பு சிதறுகளம். அடுத்து எடுக்க வேண்டியது விலையோடு நேரே பிணைந்த சொல். ஆங்கிலத்தில் ‘டோட்டல் நோன் வெயிட்’ என்பார்கள், விற்பனைச் சீட்டில் டி.கே.டபிள்யூ. என்று மூன்றெழுத்தில் இருக்கும்.

பொருள் இதுதான்: ஒரு பெயரில் பதிவான விண்கல்லில் இதுவரை கிடைத்த எல்லாத் துண்டுகளின் கூட்டு எடை. கையில் இருக்கும் துண்டின் எடை இதில் அடங்கிய ஒரு பகுதி மட்டுமே. 1947 பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விழுந்த சிகோட்டே-அலின் இரும்பு விண்கல்லில் 23 டன்னுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். அதில் 100 கிராம் துண்டு வாங்குவது எளிது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரில் விழுந்த ஷெர்காட்டி மொத்தமே ஏறக்குறைய 5 கிலோ. செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கற்களில் ஒரு பெரும்பிரிவுக்கே அதன் பெயர்தான். அதில் ஒரு கிராம்கூடச் சந்தைக்கு வருவது அரிது. இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்வதுதான் டி.கே.டபிள்யூ.

என் கையில் உள்ளவை: அறியப்பட்ட மொத்த எடை, மொத்த நிறை, தேறிய எடை, கண்டெடை. குறையிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

ந.

———

> தேறிய எடை, கண்டெடை

ஐயா, இரண்டும் வேண்டாம். கண்டெடுப்பு என்ற சொல்லை வீழ்ச்சிக்கு எதிர்ப்பதமாக நாமே வைத்துவிட்டு, ‘கண்டெடை’ என்று எழுதினால் வீழ்ச்சிக் கற்களுக்கு இது பொருந்தாது என்றே படிப்பவர் எண்ணுவார். வீழ்ச்சிக் கற்களுக்குத்தான் இந்த எண் இன்னும் முக்கியம்.

‘தேறியது’ என்றால் கழித்துக் கட்டி முடிந்த கணக்கு. இதுவோ முடியாத கணக்கு. கோஸ்டாரிக்காவில் 2019 ஏப்ரல் 23 இரவு விழுந்த அகுவாஸ் சர்காஸ் கரிமக் கல்லைப் பாருங்கள். மழை வருவதற்குள் எடுத்தது சுமார் 11 கிலோ. பிறகு எடுத்ததையும் சேர்த்தால் ஏறக்குறைய 27 கிலோ. முதல் வாரத்தில் சீட்டு எழுதியவரின் எண்ணும் பிறகு எழுதியவரின் எண்ணும் ஒன்றாக இருக்க வழியில்லை. (மழைக்கு முன், மழைக்குப் பின் என்று சீட்டில் தனியே குறிப்பது இவ்வகைக் கல்லுக்குக் கட்டாயம். களிமண் கனிமம் நிறைந்த கல் இது. நீர் பட்டால் கரையும் உப்புகள் போய்விடும், கல்லே உதிரவும் கூடும். விலையும் அதற்கேற்ப இறங்கும்.)

பொ.

———

> மொத்த நிறை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘மாஸ்’ என்பது நிறை, ‘வெயிட்’ என்பது எடை. இலங்கைப் பாடநூலில் ‘மாஸ்’ என்பது திணிவு, ‘வெயிட்’ என்பதுதான் நிறை. ஆகவே ‘மொத்த நிறை’ என்று நீங்கள் எழுதுவதை எங்கள் மாணவர் நியூட்டனில் அளக்கும் விசையாக விளங்கிக்கொள்வர். சரியான இயற்பியல் பதம் வேண்டுமென்று ‘திணிவு’ என்று போட்டால் உங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் விளங்காது.

தராசில் வைத்துக் கிராமில் சொல்வதை எடை என்றால் இரு கரையிலும் விளங்கும். ஆங்கிலத்திலும் சேகரிப்பாளர் ‘வெயிட்’ என்றுதானே சொல்கிறார்கள். ‘எடை’ என்ற ஈறு நிலைக்கட்டும், முன்னொட்டை மட்டும் தேடுவோம்.

சி.

———

சி. அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நிறை, திணிவு இரண்டையும் விட்டுவிடுவோம்.

முன்னொட்டுக்குப் போகுமுன் வரையறை உறுதியாக வேண்டும். இந்த எண் எதைக் கூட்டுகிறது என்பதில் வாங்குபவர்கள் ஏமாறும் இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவதும் பெரியதும் வடமேற்கு ஆப்பிரிக்கக் கற்கள். மொராக்கோ, அல்ஜீரியா, மாலி, மௌரிடேனியா பாலைகளிலிருந்து வியாபாரிகள் வழியாக வருபவை. எந்த இடத்தில் எடுத்தது என்று உறுதியாகத் தெரியாததால் ஊர்ப் பெயர் கிடையாது, என்.டபிள்யூ.ஏ. என்ற எழுத்தும் ஒரு வரிசை எண்ணும்தான். விண்கல் கழகத்தின் பெயரிடும் குழு ஒப்புதல் தரும்போது, வகைப்படுத்த வந்த கல்லின் எடையைப் பதிவில் ஏற்றும். அதே வீழ்ச்சியைச் சேர்ந்த வேறு கல் வேறு வியாபாரி கையில் இருந்து, வேறு ஆய்வகத்துக்குப் போனால் அதற்கு வேறு எண். ‘கருப்பழகி’ என்று பெயர்பெற்ற செவ்வாய்க் கல் என்.டபிள்யூ.ஏ. 7034-இன் எடை சுமார் 320 கிராம். ஆனால் 7475, 7533 முதலிய எண்களும் அதே கல்லின் உடன்பிறப்புகளே. சீட்டில் ‘320 கிராம்’ என்று மட்டும் போட்டு விற்றால் எழுத்தளவில் பொய்யில்லை, ஆனால் அருமை மிகைப்படுத்தப்படுகிறது. உடன்வீழ்ந்த எண்களையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மை நிலை தெரியும்.

இரண்டாவது, ஒரே துண்டை இருமுறை எண்ணுவது. 500 கிராம் கல்லை ஒருவர் இன்னொருவருக்கு விற்கிறார், இருவரும் தம் இருப்பாகப் படம் போடுகிறார்கள். இணையத்தில் பார்த்துக் கூட்டுபவர் ஒரு கிலோ என்று எழுதிவிடுகிறார். படத்தில் உருகுதோலின் விளிம்பையும் உடைந்த முகத்தையும் ஒப்பிட்டு ஒரே கல்லா என்று பார்த்த பிறகே கூட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு செ.மீ. கனசதுரம் வைத்து எடுத்த படமானால் இது எளிது.

மூன்றாவது, அழுக்கு. பாலைக் கல்லின் அடிப்பக்கம் சுண்ணப் பொருக்கு ஒட்டியிருக்கும். இரும்புக் கல்லாக இருந்தால் துரு ஏறி எடையும் ஏறும். எந்த நிலையில் நிறுத்த எடை என்று குறிக்காவிட்டால், சுத்தம் செய்தபின் காணும் குறைவைத் திருட்டு என்று சந்தேகிக்கும் நிலை வரும்.

வ.

———

வ. ஐயாவின் மடலுக்கு நன்றி. அதிலேயே அடுத்த சொல்லும் கிடைத்துவிட்டது. வெவ்வேறு எண் பெற்ற ஒரே வீழ்ச்சிக் கற்களை ஆங்கிலத்தில் ‘பெயரிங்’ என்கிறார்கள். ‘இணை’ என்றால் இரண்டு என்ற எண்ணம் வந்துவிடும், இங்கே பத்துக்கூட இருக்கும். அவர் போகிற போக்கில் எழுதிய ‘உடன்வீழ்ந்த’ என்பதிலிருந்து ‘உடன்வீழ்கல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எடைக்கு: அறியெடை. வினைத்தொகை. அறிந்த எடை, அறிகின்ற எடை, அறியும் எடை மூன்றும் அடங்கும். நாளை ஒரு துண்டு கிடைத்தால் எண் வளரும் என்பதைச் சொல்லே தாங்கி நிற்கிறது.

ந.

———

வினைத்தொகை என்ற யோசனை அருமை, அதை விட வேண்டாம். ஆனால் ‘அறியெடை’ வாயில் ‘அரிய எடை’ ஆகிவிடும். றகரமும் ரகரமும் பேச்சில் பிரியாத ஊர்கள்தான் அதிகம். அரிய கற்களைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அரிய எடை என்று காதில் விழுந்தால், எண் பெரிதாக இருப்பதுதான் அருமை என்று தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள்.

அதே வினைத்தொகையில் ‘திரளெடை’ என்று வைப்போம். திரண்ட, திரள்கின்ற, திரளும் எடை. சிதறுகளத்தில் சிதறியது இங்கே திரள்கிறது, இரண்டு சொல்லும் ஒன்றையொன்று நினைவூட்டும். திரளெடையில், திரளெடைக்கு, திரளெடையோடு என்று வேற்றுமை உருபும் இடறாமல் ஏறுகிறது. ‘அறியப்பட்ட மொத்த எடை’ விளக்கமாக நிற்கட்டும். 5 செ.மீ. அகலச் சீட்டில் அதை எழுத முடியாது.

பொ.

———

> திரளெடை

விண்மீன் திரள் என்று வானியலில் ஏற்கெனவே இருக்கிறதே? திரளின் எடை என்று கொள்ள இடமுண்டல்லவா?

வ.

———

விண்மீன் திரளின் எடையைக் கிராமில் யாரும் எழுதப் போவதில்லை. விண்கல் சீட்டில் எண்ணுக்கு முன்னால் வரும் சொல் இது, இடத்தால் பொருள் விளங்கிவிடும். எனக்குத் திரளெடை சம்மதம்.

ஆனால் இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். கல்லை அறுத்தால் ஒரு பகுதி தூளாகப் போகிறது. ஒரு மி.மீ. தடிப்பான வாளால் 3 மி.மீ. வில்லைகள் அறுத்தால், ஒவ்வொரு 4 மி.மீ.க்கும் ஒரு மி.மீ. தூள். கால்பங்கு போய்விட்டது. 2 மி.மீ. வில்லையானால் மூன்றில் ஒரு பங்கு. 0.3 மி.மீ. வைரக் கம்பி வாளில் 3 மி.மீ. வில்லைக்கு இழப்பு 9 விழுக்காடு அளவில் நிற்கும், ஆனால் நேரம் பிடிக்கும். கிராம் நூற்றுக்கணக்கான டொலர் போகும் நிலாக் கல்லையும் செவ்வாய்க் கல்லையும் கம்பி வாளில்தான் அறுக்க வேண்டும். இரும்புக் கல்லைத் தண்ணீர் விட்டு அறுத்தால் வெடிப்புகளுக்குள் ஈரம் தங்கி, குளோரைடோடு சேர்ந்து சில மாதத்தில் துரு கசியும். கனிம எண்ணெயோ ஐசோபுரொப்பைல் அல்ககோலோ பாவித்தால் அந்த ஆபத்துக் குறைவு, அல்ககோலுக்குத் தீப்பொறிக் கவனம் வேண்டும்.

ஆகவே 100 கிராம் கல்லை அறுத்து 75 கிராம் வில்லைகள் வந்தால், திரளெடை 100-ஆ, 75-ஆ? கிடைத்தபோது இருந்த எடைதான் திரளெடை, அது அறுப்பால் குறையாது. இன்று உலகில் மிஞ்சியிருப்பதை ‘எஞ்செடை’ என்று தனியாக வைப்போம்.

சி.

———

எஞ்செடை நன்று. விலை பேசுபவருக்குத் திரளெடையைவிட எஞ்செடையில் எவ்வளவு கைமாறக்கூடியது என்பதே தேவை. இங்கே நம் ஊர்க் கற்களையே எடுத்துக்காட்டாகத் தரலாம். 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பெருநாழிக் கல் (பட்டியல்களில் ‘பர்னல்லி’) எல்.எல்.3.6 வகை (எல்.எல். என்பது இரும்பு குறைந்த கல்வகை, எண் அது சூட்டில் மாறிய படி), திரளெடை 77.6 கிலோ. 2008 செப்டம்பர் 12-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது எல்.எல்.6 வகை, திரளெடை 110 கிலோ. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் மலிவாகக் கிடைக்க வேண்டும். ஆனால் பெருநாழியின் பெரும்பகுதி அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அங்கிருந்து பண்டமாற்றாக வெளிவந்த சிறு துண்டுகளே தனியார் கைக்கு வந்தவை. அத்தகைய துண்டில் அருங்காட்சியகத்தின் பழைய எண் மையால் எழுதியிருந்தால் அதை ஒருபோதும் துடைக்கக்கூடாது. கைமாறிய வரலாற்றுக்கு அதுவே சான்று, விலையில் பெரும்பங்கும் அதற்கே. அண்டார்க்டிக்காவில் எடுத்த செவ்வாய்க் கல் ஏ.எல்.எச். 84001 ஏறக்குறைய 1.9 கிலோ. அது ஆய்வுக்கு மட்டுமே, விற்பனைக்கு வராது. திரளெடை இருந்தும் சந்தையில் சுழி.

மறுகோடிக்கு என்.டபிள்யூ.ஏ. 16788. நைஜரில் 2023-இல் எடுத்த செவ்வாய்க் கல். 24.67 கிலோ, ஒரே கல், அதாவது துண்டின் எடையும் திரளெடையும் ஏறத்தாழ ஒன்றே. 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து சுமார் 53 லட்சம் டாலருக்குப் போனது. கிராமுக்குச் சுமார் 215 டாலர். சிறு செவ்வாய் வில்லைகள் பல இதைவிடக் கூடுதல் விலைக்குப் போகின்றன. பெருங்கல்லை வாங்கக்கூடியவர் சிலர், ஒரு கிராம் வில்லையை வாங்கக்கூடியவர் பலர். ஆகையால் ‘கிராம் விலை × எடை’ என்று பெரிய கல்லை மதிப்பிடுவது தவறான வழி. அந்தக் கல் நாட்டைவிட்டு வெளியேறியது பற்றி நைஜர் அரசு விசாரணை அறிவித்ததையும் சேகரிப்பாளர்கள் மறக்கக்கூடாது. அர்ஜென்டினாவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்கல் பண்பாட்டுச் சொத்து. ஆஸ்திரேலியாவிலிருந்து அனுமதியின்றி எடுத்துவர முடியாது. ஏற்றுமதித் தாள் இல்லாத கல்லுக்குத் திரளெடை எவ்வளவு சிறிதாயிருந்தாலும் மதிப்பு நிற்காது.

பொ.

———

எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

திரளெடை (பெ.): ஒரே வீழ்ச்சியையோ ஒரே கண்டெடுப்பையோ சேர்ந்த விண்கல்லில், குறிப்பிட்ட நாள்வரை கிடைத்ததாகப் பதிவான எல்லாத் துண்டுகளின் கூட்டு எடை. அறுப்பில் இழந்த தூளும் ஆய்வுக்குக் கொடுத்த மாதிரியும் இதில் அடங்கும். உடன்வீழ்கற்கள் இருந்தால், பதிவெண்ணின் திரளெடை, உடன்வீழ்கற்களோடு கூடிய திரளெடை என இரண்டும் தரப்பட வேண்டும். நாள் குறிக்காத திரளெடை முழுமையற்றது.

எஞ்செடை (பெ.): திரளெடையில் இழப்பு நீங்கலாக இன்று இருப்பது.

ஆய்வு மாதிரியை வெளிப்படையாகச் சேர்க்கக் காரணம், புதிய கல்லுக்குப் பெயர் பெற 20 கிராமோ மொத்தத்தில் 20 விழுக்காடோ, எது குறைவோ அதை அங்கீகரித்த நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி. 40 கிராம் கல்லில் 8 கிராம் அப்படிப் போய்விடும். எஞ்சிய 32-ஐத் திரளெடை என்று எழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது.

சீட்டின் வரிசை: பெயர் அல்லது எண், வகை, வீழ்ச்சியா கண்டெடுப்பா, நாள், துண்டின் எடை (0.01 கிராம் தராசில், உலர்ந்த நிலையில்), திரளெடை, எந்த நாள்படி, கைமாறிய வரலாறு. கடைசியில் ஒரு கட்டம்: ‘காந்தம் தொட்டதா?’ நியோடிமியக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது வேட்டையாளர் வழக்கம், ஆனால் கல் பிறந்த இடத்தின் பழங்காந்தப் பதிவை அந்த ஒரு தொடுகை அழித்துவிடும். ‘கருப்பழகி’யின் கற்களுக்கே அது நேர்ந்திருக்கிறது.

ந.

———

பதிவு சரி. ஒரு திருத்தம்: ‘பதிவான’ என்பதை ‘பதிவான அல்லது நம்பகமாக அறியப்பட்ட’ என்று மாற்றுங்கள். பெயரிடும் குழுவின் பட்டியலில் ஏறிய எடை ஒப்புதல் நாளோடு நின்றுவிடும். பிறகு வயலில் கிடைத்தவை பல அதில் ஏறுவதில்லை.

சுருக்கமாக ‘தி.எ.’ என்று போடலாமா?

சி.

———

திருத்திவிட்டேன். ‘தி.எ.’ வேண்டாம், திரளெடை நான்கெழுத்துத்தான், முழுதாகவே எழுதலாம். ஒரு விண்கல்லில் மிஞ்சிய துண்டுகளில் பெரியதைக் குறிக்கும் ‘மெயின் மாஸ்’ என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘தாய்க்கல்’ என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் விண்கல் உடைந்து பிரிந்த சிறுகோளுக்குத் ‘தாய்ப்பொருள்’ என்ற சொல் வழங்குவதால் அது மயங்கும். ‘தலைத்துண்டு’ என்று முன்மொழிகிறேன்.

ந.